திரும்பச் சொன்ன ஜன்னல்

“அம்மா, டிவி டீச்சர் சொன்னது புரியலைன்னா, திரும்பச் சொல்லுங்கன்னு யார்கிட்ட கேக்கறது?”

குந்தவை ஏழு வயதில் கேட்ட கேள்வி அது. பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த கொரோனா வருஷம். ஷோபனாவின் வீட்டு டிவி ஆவணி மாதத்து இடியில் கருகிப் போயிருந்தது. கணவன் இளஞ்செழியன் சிங்கப்பூரில் வேலையும் இல்லாமல், ஊருக்குத் திரும்பவும் வழியில்லாமல் ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தான். புது டிவிக்கு எங்கே போவது?

பக்கத்து வீட்டு ரசியா பேகம்தான் தன் டிவியைத் தூக்கி வந்து, இந்தப் பக்கம் பார்க்கும்படி ஜன்னலில் திருப்பி வைத்தாள். கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டு குந்தவை அதில் பாடம் பார்ப்பாள்.

அன்று ஷோபனா, “யார்கிட்டயும் கேக்க முடியாது. ஒழுங்காக் கவனி” என்று அதட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

பதில் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வந்தது.

“என்கிட்ட கேளுடா கண்ணு. நான்தான் கேட்டுக்கிட்டே இருக்கேனே. எது விட்டுப் போச்சு, சொல்லு.”

டிவியின் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருந்த ரசியா பேகத்துக்குப் படம் தெரியாது. சத்தம் மட்டும்தான். காதில் விழுந்ததை மனசில் பிடித்து வைத்துக்கொண்டு, குழந்தை கேட்டபோதெல்லாம் திரும்பச் சொன்னாள்.

இன்று விஜயதசமி. குந்தவை ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அந்த ஜன்னல்தான் இன்று ஷோபனாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மகளுக்குத் தனியாகப் படிப்பு அறை கட்ட வேண்டும் என்பது இளஞ்செழியனின் நெடுநாள் ஆசை. சென்ற வாரம் வேலையை ஆரம்பிக்கச் சொல்லி அவன் போன் செய்ததும், தஞ்சாவூரிலிருந்து அவனுடைய அக்கா அகிலாண்டம் இரண்டு பை நிறையப் புத்தகங்களோடு திருவையாறு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். அறை வரப்போவது வீட்டுக்கு வடக்கே, காலி மனையில். அதன் வடக்குச் சுவர் எழும்பினால் ரசியா பேகத்தின் ஜன்னல் அடைபட்டுப் போகும். அந்த வீட்டுக்குத் தெற்கத்திக் காற்று வருகிற ஒரே வழி அது.

இதை ஷோபனா இன்னும் வாய் திறந்து ஒருவரிடமும் சொல்லவில்லை. அதற்குள் சுவர் வரும் இடத்தை அளந்து நூல் கட்ட மேஸ்திரி வந்துவிட்டார்.

* * *

காலையில் பூஜை மாடத்தின் முன்னால் அகிலாண்டம் திகைத்து நின்றாள். நேற்று சரஸ்வதி பூஜையில் அடுக்கிய புத்தகங்களின் உச்சியில் டிவி ரிமோட் இருந்தது. சந்தனப் பொட்டு, குங்குமம், ஒரு துளி அட்சதை.

“என்னடி இது கூத்து?”

“அதுலயும்தானே படிக்கறேன் அத்தை? புஸ்தகத்துக்கு மட்டும் பொட்டு வெச்சா, அது கோவிச்சுக்காதா?”

“பூஜையில வெச்சதை எடுக்கக் கூடாதே. நேத்து சாயங்காலம் டிவி ஓடிச்சே, எப்படி?”

“டிவிக்குப் பின்னாடி பட்டன் இருக்குல்ல. அதை அமுக்கினேன்.”

வாசலில் முளைக்குச்சிகளைச் சீவிக்கொண்டிருந்த மேஸ்திரி சிங்காரவேலு சத்தமாகச் சிரித்துவிட்டார். அகிலாண்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். தாயில்லாத தம்பியைப் புத்தகம் கொடுத்து, சோறு கொடுத்து ஆளாக்கியவள். அவள் எதிரே ஷோபனா குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லை.

மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, மனையின் நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டினார் மேஸ்திரி. அதற்குள் சிங்கப்பூரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது.

“மேஸ்திரி, வடக்குச் சுவர்ல ஜன்னல் எதுவும் வேணாம். சுவர் முழுக்க டிவி மாட்டப்போறேன்.”

“டிவியா?” அகிலாண்டம் போனை வாங்கிக்கொண்டாள். “அந்தச் சுவர்ல அலமாரி வரணும்டா. என் புஸ்தகமெல்லாம் இங்கதான் வரப்போவுது.”

“அக்கா, நான் படிச்சப்ப புஸ்தகம் இருந்துச்சு. புரியத்தான் இல்ல. இதயம் எப்படித் துடிக்குதுன்னு எழுத்துல படிச்சா மண்டையில ஏறுமா? கண்ணு முன்னாடி துடிக்கறதைக் காட்டினா ஏறும்.”

“எனக்கு யாரும் காட்டல. நானே படிச்சேன், நானே நெனைச்சுப் பாத்தேன். நெனைச்சுப் பாக்கற வேலையையும் டிவியே செஞ்சிட்டா புள்ள எதைத்தான்டா செய்வா?”

“சரி சரி, டிவியா அலமாரியான்னு ராத்திரி சண்டை போடுவோம். ஷோபனா, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கூப்பிடறேன். நூல் கட்டினதைச் சுத்திக் காட்டு.”

அக்காளும் தம்பியும் ஒரு சுவருக்காகச் சண்டை போட்டார்கள். அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு ஜன்னல் இருப்பது இருவர் நினைப்பிலும் இல்லை. மேஸ்திரிதான் நூலைப் பிடித்தபடியே தயங்கினார்.

“ஏந்தங்கச்சி, இப்படி ஒட்டிக் கட்டினா அந்தம்மா வீட்டு ஜன்னல் மூடிக்குமே. ஒரு ஆளு நடக்கற அளவு விட்டுக் கட்டலாம்ல?”

கேள்வி ஷோபனாவிடம். பதில் சொன்னது அகிலாண்டம். “நம்ம மனையிலதானே கட்டறோம், மேஸ்திரி? தம்பி அளவு சொல்லியிருக்கான். ரூம் சுருங்கிடக் கூடாது.”

ஷோபனா பிள்ளையாரின் அருகம்புல்லைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

* * *

மறுபூஜை முடிந்தது. விஜயதசமியன்று பூஜையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்த வருஷத்துப் படிப்பு முழுவதற்கும் அதுதான் நல்ல தொடக்கம் என்பார்கள்.

“எந்தப் பாடம் வேணும்னாலும் படி” என்று அகிலாண்டம் மணை போட்டு உட்கார்ந்தாள்.

குந்தவை அறிவியல் புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விரித்தாள். கணீரென்று ஆரம்பித்தாள். இலை எப்படிச் சூரிய வெளிச்சத்தில் சமைக்கிறது, வேர் எப்படித் தண்ணீர் அனுப்புகிறது, காற்றிலிருந்து எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது. ஏற்றமும் இறக்கமுமாக, தயங்காமல் ஓடியது குரல். மேஸ்திரிகூட வாசற்படியில் வந்து நின்று கேட்டார். அகிலாண்டத்தின் முகம் மலர்ந்தது.

ஷோபனா மட்டும் ஒன்றைக் கவனித்தாள். மகளின் கண்மணி அசையவே இல்லை. வரியைத் தொடர்ந்து போகிற கண் அல்ல அது.

“...இப்படித்தான் ஒவ்வோர் இலையும் ஒரு சமையற்கூடம். என்ன குழந்தைகளே, புரிந்ததா? மீதியை அடுத்த பகுதியில் பார்ப்போமா?”

சொன்ன பிறகுதான் குந்தவைக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இதுவும் புஸ்தகத்துல போட்டிருக்கா?” என்றாள் அகிலாண்டம். எட்டிப் பார்த்தாள். விரித்திருந்த பக்கத்தில் இலையும் இல்லை, வேரும் இல்லை. காந்தத்தின் படம் இருந்தது.

அவள் தன் பையிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்து நீட்டினாள். “இதுல ரெண்டு வரி.”

குந்தவை பார்த்தாள். உதடு குவிந்தது. “அ... அந்... அந்தக் கு... கு...” அடுத்த எழுத்தில் நின்றாள். மறுபடியும் முதலிலிருந்து வந்தாள். அதே இடத்தில் மறுபடியும் நின்றாள். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மேஸ்திரி மெல்ல வாசலைவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

“எத்தனை நாளா இப்படி?” அகிலாண்டம் மணையிலிருந்து எழுந்துவிட்டாள். “பேச்சுப் போட்டியில கப்பு வாங்கறா, பாட்டு மாதிரி பாடம் ஒப்பிக்கறா! எழுத்து தெரியலையே! அ, ஆ எழுதிப் பழக வேண்டிய வயசுல கல்லு மேல உக்காத்தி டிவியைக் காட்டினா வேற எப்படி வரும்? எல்லாம் அந்த ஜன்னல் வழியா வந்த படிப்பு. அடைச்சுத் தொலைக்கட்டும், நல்லதுதான்!”

கிணற்றடிக்கு அப்பால் அந்த ஜன்னல் திறந்தே இருந்தது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றதை ஷோபனா கேட்டாள்.

* * *

கொல்லையில் வாழைமரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் குந்தவை. ஷோபனா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்டவில்லை.

“கிளாஸ்ல எப்படிடி சமாளிச்ச?”

“பக்கத்துல தமிழ்நிலா வாசிப்பா. ஒரு தடவை கேட்டா எனக்கு வந்துடும். பரீட்சையில தெரிஞ்சதை எழுதுவேன், தப்புத் தப்பா. டீச்சர் அவசரத்துல எழுதறேன்னு நெனைச்சுக்குவாங்க.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீ ஊர்ல எல்லார்கிட்டயும் எம்பொண்ணு கெட்டிக்காரின்னு சொல்லிட்டியே.”

ஷோபனா மகளின் பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்ன ஆரம்பித்தாள்.

“டிவியில அவங்க பேசறாங்கம்மா. சிரிக்கறாங்க. புஸ்தகத்துல எழுத்தெல்லாம் சும்மா நிக்குது. யாருமே பேச மாட்டேங்கறாங்க.”

“அங்க அவங்க பேசுவாங்க, நீ கேட்டுக்கலாம். இங்க நீதான்டி பேசணும். நீ பேசினா அது பேசும்.”

பின்னால் காலடிச் சத்தம். அகிலாண்டம். கோபம் ஆறியிருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை. கதைப் புத்தகம் கையிலேயே இருந்தது.

“டிவி ஓடிக்கிட்டே இருக்கும், நிக்காது. புஸ்தகம் அப்படி இல்லடி. எத்தனை தடவை கேட்டாலும் கோவிக்காம திரும்பச் சொல்லும்.”

“எனக்கு அதுகிட்ட கேக்கவே தெரியலையே அத்தை” என்றாள் குந்தவை. “டிவி நிக்காதுதான். அதனாலதான் ரசியாம்மா திரும்பச் சொன்னாங்க.”

வேலை பார்த்த காலமெல்லாம் கேட்டவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள் அகிலாண்டம். கேட்கத் தெரியாமல் வாசலோடு திரும்பிப் போன பிள்ளைகளின் முகம் எதுவும் இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது.

* * *

மதியச் சமையல் முடிந்ததும் தூக்கில் பாயசமும் வாழை இலையில் வடையுமாக ஷோபனா பக்கத்து வீட்டுக்குப் போனாள். உள்ளே ரசியா பேகம் தனியாகக் கட்டிலை இழுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரத்திலிருந்து எதிர்மூலைக்கு.

“என்னக்கா இது, ஒண்டியா இழுக்கறீங்க?”

“அங்க அடைபட்டுட்டா வெக்கையா இருக்கும்ல. இப்பவே மாத்திப் போட்டுட்டா பழகிடும். நீ உக்காரு.” தொழுகைப் பாயும் ஏற்கெனவே இடம் மாறியிருந்தது. குறை சொல்லும் தொனி அந்தக் குரலில் துளியும் இல்லை. அதுதான் ஷோபனாவுக்குத் தாங்கவில்லை.

ஆளுக்கொரு பக்கமாகக் கட்டிலைத் தூக்கி வைத்தார்கள்.

“புள்ள அழுதாளா?” என்றாள் ரசியா பேகம்.

ஷோபனா தலையசைத்தாள்.

“காதுல விழுந்துச்சு. நெசமாவே என்னாலதானா ஷோபனா? எனக்குத் திரை தெரியலையே. அந்த டீச்சர் பலகையில என்ன எழுதினாங்கன்னு நான் எங்க கண்டேன்? காதுல விழுந்ததைத் திரும்பச் சொன்னேன். எழுத்தைக் காட்டணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரேன்.”

“அக்கா, அப்படிச் சொல்லாதீங்க. நான் பெத்தவ. எனக்கே தோணலையே. நடவுக்குப் போறேன், களைக்குப் போறேன்னு ஓடினேன். அவ வாயால சொல்றதைக் கேட்டு மயங்கிட்டேன்.”

“இனிமே வந்துடும்ல?”

“வந்துடும்கா.”

“வரும். நான் துவா செய்யறேன்.” ரசியா பேகம் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். “உப்பு கொஞ்சம் கம்மி” என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

ஷோபனாவின் பார்வை ஜன்னலுக்குப் போனது. அந்தக் கொரோனா வருஷம் கார்த்திகையில் ரசியாவின் கணவர் அப்துல் அஜீஸ் தவறிப் போனார். ஊரடங்கு நாள். மூன்று நாள்தான் டிவி ஓடவில்லை. நாலாம் நாள் காலையில் யாரும் கூப்பிடாமலே ஜன்னல் திறந்தது.

‘மௌத்தான வீட்ல டிவி சத்தமா?’ என்று சொந்தக்காரர்கள் சத்தம் போட்டதை ஷோபனா இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறாள். ‘அது கூத்து இல்ல, புள்ளையோட படிப்பு. அவரு இருந்தாலும் நிறுத்தச் சொல்ல மாட்டாரு’ என்று ரசியா சொன்னதையும் கேட்டிருக்கிறாள்.

கணவனை இழந்தவள் வீட்டோடு ஒதுங்கி இத்தா இருந்த மாதங்களில் அவள் முகத்தை வெளியார் எவரும் பார்க்கவில்லை. டிவிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணியின் ஓரம் மட்டும் தெரியும். அழுது கம்மிப்போன ஒரு குரல், ‘பதினேழும் அஞ்சும் இருபத்திரெண்டு. எங்க, நீ சொல்லு?’ என்று கேட்கும். கல்மேல் உட்கார்ந்திருந்த குழந்தை திருப்பிச் சொல்லும்.

அதற்கு ஷோபனா இதுவரை என்ன செய்தாள்? பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தாள். மழைக்கு முன்னால் கொடியில் கிடந்த துணியை எடுத்துக் கொடுத்தாள். அதெல்லாம் எந்த அக்கம்பக்கத்திலும் நடப்பது. ஒருமுறைகூட அந்த நாட்களைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போதும் அவள் சொல்லவில்லை. “தூக்கை அப்புறமா வாங்கிக்கறேன்கா” என்று எழுந்துகொண்டாள்.

* * *

விருந்துச் சாப்பாடு ஆளை அசத்தியிருந்தது. மேஸ்திரி காலையில் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். கூடத்தில் பாய் விரித்து அகிலாண்டம் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைமாட்டில் குந்தவை கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வரிக்கு அடியில் விரலை நகர்த்திக்கொண்டே முணுமுணுத்தாள்.

“அந்தக் கு... குள... குளத்... குளத்தில்...”

“அத்தைதான் தூங்கறாங்களே, யாருக்குடி படிக்கற?” என்று ஷோபனா கிசுகிசுத்தாள்.

“தூங்கறப்பதாம்மா நல்லது. தப்பு விட்டாலும் தெரியாது.”

ஷோபனா சிரித்துக்கொண்டே வடக்கு மனைக்குப் போனாள். நான்கு முளை. நான்கு பக்கமும் மஞ்சள் தடவிய நூல். நடுவில் வாடத் தொடங்கிய அருகம்புல்லோடு மஞ்சள் பிள்ளையார்.

வடகிழக்கு முளைக்கு முன்னால் நின்றாள். பூஜை செய்து அடித்த முளை. பிடுங்கலாமா? கை கூசியது. சிங்கப்பூரில் வெயிலில் நின்று ஒருவன் அளந்து வைத்திருக்கும் கனவு அது. அதை அவனைக் கேட்காமல் குறைக்கலாமா?

கேட்டால் என்ன சொல்வான்? நல்லவன்தான். ஆனால் அக்காவைக் கேள் என்பான். அக்கா அளவைச் சொல்வாள். பேச்சு வளரும். ரசியா வீட்டுக்குக் கேட்கும். ‘எனக்காக வேணாம்’ என்று அவளே வந்து நின்றுவிடுவாள். அப்புறம் அந்த ஜன்னலுக்குக் காற்று வராது.

“பிள்ளையாரப்பா, அளவு தப்பினா என் பேர்ல போட்டுக்க” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குனிந்து முளையை அசைத்தாள். ஈர மண். சுலபமாக வந்துவிட்டது.

கோணல் வந்துவிடக் கூடாது. நடவு வயலில் கயிறு பிடித்துப் பழகிய கை அவளுக்கு. கிழக்குப் பக்கத்து நூல் போன வழியிலேயே முளையை உள்ளே நகர்த்தி, ஓர் ஆள் தாராளமாக நடக்கும் இடம் விட்டு ஊன்றினாள். கல்லால் நாலு தட்டு. மேற்குப் பக்கமும் அப்படியே. மிச்சமான நூலை முளையிலேயே சுற்றினாள். வீட்டிலிருந்து மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து இரண்டு முளைக்கும் புதிதாகப் பொட்டு வைத்தாள்.

எழுந்து நின்று பார்த்தாள். அறை சின்னதாகிவிட்டது. இனிச் சுவர் அகல டிவியும் அலமாரியும் எப்படி அடங்கும் என்று அக்காளும் தம்பியும் பேசிக்கொள்ளட்டும். ஒரு பிள்ளை உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்க இடம் இருக்கிறது.

பள்ளிவாசலிலிருந்து பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்டது. பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே, எதிர்மூலைக்கு மாற்றிய பாயில் ரசியா பேகம் தொழுதுகொண்டிருப்பாள்.

கூடத்தில் போன் அடிக்கத் தொடங்கியது. “அம்மா, அப்பா கூப்பிடறாரு! நூல் கட்டினதைக் காட்டணுமாம்!”

“வரேன், இரு.”

பழைய முளை இருந்த குழி இரண்டும் வாய் பிளந்து கிடந்தன. ஷோபனா அவசரப்படவில்லை. மண்ணைத் தள்ளி மூடினாள். குடத்துத் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்து, பாதத்தால் மெல்ல மிதித்துச் சமன் செய்தாள். பிறகு காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் போன பிறகு ஜன்னல் திறந்தது. தெற்கிலிருந்து வந்த காற்று, நட்டு முடித்த வயல்களின் ஈரத்தோடு, யாரையும் கேட்காமல் உள்ளே போயிற்று.